மஞ்சள் வைக்காத சால்வை

வெண்ணந்தூர்,
வெகுதானிய வருஷம், ஆவணி மாதம்.

மஞ்சள் வைக்கவில்லை என்பது உண்மைதான். மற்றதெல்லாம் உண்மையா என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படியா ஒரு கடிதத்தைத் தொடங்குவது. முறையாகத் தொடங்குகிறேன்.

மகா-ள-ள-ஸ்ரீ மருதாசலம் மச்சான் அவர்களுக்கு, தங்கள் அத்தை மகள் சௌந்திரம் அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் தேக சௌக்கியத்துக்கும் சட்டப் படிப்புக்கும் எழுத வேண்டியது. தங்கள் தகப்பனார் உயிருடன் இருக்கிறார். இந்தக் கடைசி வரியைச் சாதாரணமாக யாரும் எழுதுவதில்லை. இந்த ஆவணியில் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் கார்டு வந்தது. இரண்டே கேள்வி. உயிரோடிருக்கும் எங்கள் அப்பாவுக்குக் கோடி போட்டாயா? அவர் முன்னால் என்னைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாயா? ஆம், இல்லை என்று பதில் எழுதவும். சட்டக் கல்லூரியில் அப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. இரண்டுக்கும் ஆம் என்றால் அது பொய். இல்லை என்றாலும் பொய். ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை எங்கே தவறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

முதலில் ரயில். சித்திரையில் பட்டணத்திலிருந்து ஊர் திரும்பும்போது என் அப்பா எதிர்ப் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தார். நாம் இங்கிலீஷில் பேசிக்கொண்டோம். பிறந்ததிலிருந்து மாமன் மகன், அத்தை மகள் என்று ஊரே முடிபோட்டு வைத்திருக்கும் கல்யாணம் நமக்கு வேண்டாம். நீங்கள் வக்கீல் ஆக வேண்டும். நான் சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி ஆக வேண்டும். மாமனிடம் அதைப் பக்குவமாகச் சொல்வது என் பொறுப்பு. சொன்ன பிறகு எழும் சத்தத்தைத் தாங்குவது உங்கள் பொறுப்பு. ஒப்பந்தம் என்று கை குலுக்கிக்கொண்டோம். ஜோலார்பேட்டையில் அப்பா விழித்துக்கொண்டு, “என்ன சாமி, பாடமா?” என்றார். “ஆமாங்கப்பா,” என்றேன். இங்கிலீஷில் பேசியதாலோ என்னவோ, ஊர் வந்து சேர்ந்ததும் அந்தப் பேச்சு யாரோ இரண்டு பேர் பேசியதுபோல் ஆகிவிட்டது.

ஆனால் பொறுப்பு பொறுப்புதான். வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் சேலத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆவணி முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். மாமன் சரி என்றால்தான் அப்பா என்னை அனுப்புவார். மாமனோ ஆடி பிறந்ததும் இருமலோடு படுத்துவிட்டார். ஜோசியர் வேறு ஆடியில் ஒரு கண்டம் இருக்கிறது, தாண்டினால் தொண்ணூறு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கண்டத்தில் இருக்கும் மனிதரிடம் வெறுங்கையோடு போய், உங்கள் மகன் எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. ஏதாவது கொண்டுபோக வேண்டும். இருமலுக்கு இதமாக. ஒரு சால்வை.

கம்பிப் பின்னல் எனக்கு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஹாஸ்டல் வார்டன் அம்மாள் ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஏதோ குளிர்த் தீவில் பிறந்தவர். அந்த ஊரில் பெண்கள் சால்வை பின்னி மோதிரத்துக்குள் நுழைத்துப் பார்ப்பார்களாம். முழுச் சால்வையும் மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனால்தான் பின்னல். நான்கு வருஷம் தத்துவம் படித்ததில் என் கைக்கு வந்தது இது ஒன்றுதான். ஆனால் கம்பளி நூலுக்கு நான் எங்கே போவது. சேலத்தில் கம்பளி என்றால் ஆட்டுக்காரர்கள் போர்த்துகிற கருப்புக் கம்பளி. அதை மோதிரத்துக்குள் அல்ல, வண்டிச் சக்கரத்துக்குள் நுழைப்பதே கஷ்டம். அப்பா செவ்வாய்ப்பேட்டைக்குப் போனபோது நூறாம் நம்பர் பருத்தி நூல் வாங்கிவரச் சொன்னேன். தலைமயிர் மாதிரி இருக்கும். பின்னுகிற கம்பிக்கு ராசிபுரத்துச் சைக்கிள் கடையில் இரண்டு சக்கரக் கம்பி வாங்கிச் சாணையில் தீட்டிக்கொண்டேன். கடைக்காரர், “சைக்கிள் எங்கீங்கம்மா?” என்றார். இல்லை என்றேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார்.

பூ வேலையை நானே யோசித்தேன். மயில், மாங்காய், தாமரை எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. ஏரிக்கரைப் புளியமரத்தின் ஓர் இணுக்கை ஒடித்துவந்து மேஜை மேல் வைத்தேன். நடுவில் ஒரு நரம்பு. இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலை. கட்டம் போட்ட காகிதத்தில் அதை வரைந்தேன். புள்ளி வைத்த கட்டம் ஓட்டை, வெறுங்கட்டம் நூல். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மச்சான். இந்தப் பின்னலில் ஓட்டை என்பது விட்டுப்போனதல்ல. நூலைக் கம்பியில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, வேண்டுமென்றே போடுவது. பக்கத்திலேயே இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கிக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ அறுந்துபோன மாதிரி இருக்கும். அறுந்ததல்ல.

வெளியிலிருந்து பார்த்தவர் பக்கத்து வீட்டு ஆத்தாயி அத்தை.

“ஏஞ்சாமி, என்ன பண்ணிக்கிட்டிருக்கற?”

“சால்வைங்க அத்தை. மாமனுக்குப் போத்திக்க.”

“நா உறின்னு நெனச்சேன். உங்கம்மா கொசுவலைங்கறா. ஓட்ட ஓட்டையா இருக்குதே.”

“ஓட்டைதானுங்க அத்தை இதுல டிசைனே.”

அத்தை யோசித்தாள். “அப்பிடிப் பாத்தா எங்கூட்டுக்காரரு வேட்டி பூராம் டிசைனுதான்,” என்றாள். போகும்போது திரும்பி நின்று, “இதப் போத்துனா குளுருமா, காயுமா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரியாது.

பின்னி முடித்து, நனைத்து, கயிற்றுக் கட்டில் மேல் இழுத்து விரித்து, ஓரமெல்லாம் வேலமுள் குத்திக் காயவைத்தேன். அப்போதுதான் இலை திறந்துகொண்டது. அதுவரை சுருங்கிக் கிடந்த நூல் கந்தல் வெயிலில் புளிய இலையாக மாறியது. அப்பாவின் மோதிரத்தைக் கழற்றி வாங்கி நுழைத்துப் பார்த்தேன். போயிற்று. அப்பா தன் மோதிரம் பெரிதாகிவிட்டதோ என்று கவலைப்பட்டு விரலில் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் மஞ்சள் வருகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கோர்ட்டில் சொல்கிற மாதிரி சொல்கிறேன். உயிரோடிருப்பவருக்குப் புதுத் துணி கொடுத்தால் முனையில் மஞ்சள் வைத்துக் கொடுக்க வேண்டும். செத்தவர் மேல் உறவுக்காரர்கள் கொண்டுவந்து போர்த்துகிற கோடிக்கு மஞ்சள் கிடையாது. வெள்ளைத் துணி, புதுத் துணி, இரண்டும் ஒன்றேதான். நடுவே ஒரு விரல் நுனி மஞ்சள். வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாக என் பாடப் புத்தகங்களில் யாரும் சொல்லவில்லை.

“மொனையில மஞ்ச வெச்சுக் குடு சாமி,” என்றார் அம்மா. மஞ்சளை உரசியே வைத்திருந்தார்.

“வெள்ளையில வெள்ளைதாம்மா இதோட அழகு. மஞ்சப் பட்டாக் கண்ணு அங்கயே போயி நிக்கும்.”

“கண்ணு அங்க போயி நிக்கோணும்னுதாஞ் சாமி வெக்கறது,” என்றார் அம்மா.

இது நல்ல பதில் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் தோட்டத்து வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. மாமன் கூடத்துக் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. உங்கள் அம்மா, சாலம்மாள் அத்தை, கட்டுத்தரையில் மாட்டோடு இருந்தார்கள். நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாமா, மருதாசலம் மச்சான் நல்லவருங்க. ஆனாலும். இந்த ‘ஆனாலும்’ வரை வந்து நின்றுவிடுகிறது. திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் நின்றது. சரி, விழிக்கும்போது சால்வை அவர் மேலேயே இருக்கட்டும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நேரத்தில் சொல்லிவிடலாம் என்று, காலிலிருந்து மேலே விரித்துப் போர்த்தினேன். அசையவே இல்லை. அவ்வளவு லேசு. மேலே ஏதோ விழுந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. அதில் எனக்குப் பெருமை. ஈ மொய்த்ததால் முகத்தையும் சேர்த்து மூடினேன். ஓட்டைதானே, மூச்சு முட்டாது. பிறகு கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

நான் செய்தது இவ்வளவுதான். இதற்குமேல் நடந்ததெல்லாம் துணி செய்தது.

கிணற்றடியில் நிற்கும்போதே உள்ளே சத்தம் கேட்டது. வீட்டு வேலைக்கு வரும் செல்லியம்மாள் மாமனுக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள். வெள்ளைத் துணி, புதுத் துணி, மஞ்சள் இல்லை, முகம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான், செம்பைப் போட்டுவிட்டு, “எஞ்சாமி, எங்கள உட்டுப்போட்டுப் போயிட்டீங்களா,” என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அந்தச் சத்தத்துக்கு அத்தை சாணிக் கையோடு ஓடிவந்து விழுந்தார்கள், அத்தை விழுந்ததைப் பார்த்து இறவையில் தண்ணீர் இறைத்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு வந்தார்கள், வடக்குத் தோட்டத்துப் பங்காளி வெங்கடாசலம் வந்தார், அவர் பின்னால் இன்னும் எத்தனையோ பேர், யாரோ தலைமாட்டில் விளக்கு ஏற்றிவைத்தார்கள், யாரோ திருச்செங்கோட்டுக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பினார்கள், உங்களுக்குத் தந்தி கொடுக்கத்தான், அந்தத் தந்தியை வழியில் மடக்கிய கதை தனி, ஒருவர் கூட மாமனைத் தொட்டுப் பார்க்கவில்லை, தொடுவானேன், கோடியே போட்டாகிவிட்டதே, ஆள் சாகாமலா கோடி போடுவார்கள், நானும் ஈரக் காலோடு உள்ளே வந்து நின்று, இத்தனை பேர் அழுகிறார்கள், அப்படியானால் நான் கிணற்றடிக்குப் போன நேரத்தில் உயிர் போய்விட்டது போலிருக்கிறது, ஜோசியர் சொன்ன கண்டம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சால்வை அசைந்தது. அதைப் பார்த்தேன். ஆனால் ஆடிக் காற்றில் அசையாதது எது.

கூட்டத்தில் பேசியதில் சில:

“அதுக்குள்ள சம்பந்தி ஊட்டுக் கோடி வந்துருச்சாட்ட இருக்குது.”

“எங்க, இன்னும் சம்பந்தமே ஆகலீல்ல.”

“நெய்யக்கூட நேரமில்ல போல. பாதிதான் நெய்ஞ்சு கொண்டாந்திருக்கறாங்க, பாரு.”

வெங்கடாசலம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, “அழுவறது இருக்கட்டும். நாளைக்குக் கெணத்துத் தண்ணி மொற யாருது?” என்றார்.

அப்போதுதான் அத்தை என்னைப் பார்த்தார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். “உன்னைய மருதனுக்குக் கட்டிவெச்சுக் கண்ணுல பாத்துப்போடோணும்னே சொல்லிக்கிட்டிருந்தாரே சாமி. அந்தக் கொறையோடவே போயிட்டாரே.”

யாரோ சொன்னார்கள்: “கட்டிக்கறனுங்க அத்தை.”

என் குரல். சொன்னது நான்தானா என்று இன்னும் யோசிக்கிறேன். சாவு வீட்டில் வாய் தானாகச் சில வார்த்தைகளைச் சொல்லும். இதுவும் அப்படி ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

சால்வைக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பத் தை மாசத்துல நாள் பாத்தரலாம்.”

யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வெங்கடாசலத்தைப் பிறகு கட்டுத்தரையில் எருமைக்குப் பின்னாலிருந்து அழைத்துவந்தார்கள். அத்தை மட்டும் நகரவில்லை. “எந்திரிச்சுத் தொலைங்க,” என்றார்கள்.

மாமன் எழுந்து உட்கார்ந்து, சால்வையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டே கதை சொன்னார். “நாஞ் செத்துட்டேன்னுதாஞ் சாமி நானும் நெனச்சேன். கண்ணத் தொறந்தா வெள்ள வெளேர்னு இருக்குது. எல எலையா, ஓட்ட ஓட்டையா வெளிச்சம். ஒடம்பு மேல கனமே தெரியில. சுத்தியும் அழுவற சத்தம். சரி, முடிஞ்சு போச்சு, சொர்க்கம்னா இப்பிடித்தான் இருக்குமாட்ட இருக்குதுன்னு கம்முனு கெடந்தேன். அப்பறம் ஓட்டைல பாத்தா வெங்கடாசலம் நிக்கறான். இவனெப்பிடி இங்க வந்தான்னு அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு.”

“ஆனாலும் எந்திரிக்கலியே நீங்க,” என்றார்கள் அத்தை.

“யாராரு அழுவறாங்கன்னு பாக்க வேண்டாமா?”

பார்த்திருக்கிறார். எல்லாரையும். யார் கண்ணீரோடு அழுதார்கள், யார் சத்தத்தோடு மட்டும் அழுதார்கள், யார் தண்ணீர் முறை கேட்டார்கள். வேறு துணியாக இருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் போட்ட ஓட்டைகள்தான் அவருக்கு ஜன்னல். வெங்கடாசலத்தோடு இப்போது பேச்சில்லை. “துணிக்குள்ள படுத்துக்கிட்டு ஒட்டுப் பாக்கறது ஒரு பெரிய மனுசன் பண்ற வேலையா,” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அத்துடன் முடிந்திருக்கலாம். மாமன் சந்தோஷமாகத்தான் இருந்தார். சால்வையை விரித்துப் பார்த்து, “இதென்ன சாமி, என்ன எலை?” என்று கேட்டார்.

“புளிய எலைங்க மாமா.”

ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்கள் மறுபடியும் ஓரடி பின்வாங்கினார்கள். வேப்பிலை என்று சொல்லியிருக்கலாம். பேய் குடியிருக்கும் மரத்தின் இலையைப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறோம் என்று மாமனுக்குப் புரிந்தது. பிறகு முனையைத் தேடினார். நான்கு முனையையும் பார்த்தார். முகம் மாறியது.

“மஞ்ச எங்க?”

நான் அழகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வெள்ளையில் வெள்ளை என்றேன். கண் அங்கே போய் நிற்கும் என்றேன். அந்தக் கூடத்தில் அந்தப் பேச்சு எவ்வளவு தனியாக நின்றது என்று உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

அங்கேயே இரண்டு தீர்ப்பு சொன்னார். ஒன்று: பொணத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு மாறக்கூடாது, ஆகவே தை மாதம் கல்யாணம். இரண்டு: உசுரோட இருக்கறவனுக்குக் கோடி போட்டவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வரக்கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டிலும் உறுதியாக இருக்கிறார். எது நடக்கும் என்று அப்பா கேட்டால், “ரெண்டுந்தான்,” என்கிறார்.

வெங்கடாசலம் மூன்றாவதாக ஒன்று கிளப்பியிருக்கிறார். கோடி விழுந்துவிட்டால் பெண்டாட்டி விதவை கணக்குத்தானாம். ஆகவே எழுந்து வந்தவர் தாலியை மறுபடி கட்ட வேண்டுமாம். மாமனுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. அத்தைக்குத்தான். “இந்த மனுசன மறுக்காவும் கட்டிக்கோணும்னா நானுங் கொஞ்சம் யோசிக்கோணும்ல. மொதத் தடவ ஆருங் கேக்கல,” என்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை முகத்தில் இப்படியொரு களை இதுவரை நான் பார்த்ததில்லை.

பிறகு சால்வை. போட்ட கோடியை வீட்டில் வைக்கக்கூடாது. எரிக்கவும் முடியாது, ஆள் இருக்கிறார். முறைப்படி கோடித் துணியை எடுத்துப்போக உரிமையுள்ளவர் ஊருக்குத் துணி வெளுக்கும் கண்ணுசாமி. கூப்பிட்டார்கள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “ஓட்ட இருக்குதுங்க. துணி எங்கீங்க?” என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மாமனே வாங்கிக்கொண்டார். இப்போது தினமும் மத்தியானம் அதை முகம்வரை போர்த்திக்கொண்டு படுக்கிறாராம். தூங்குகிறாரா பார்க்கிறாரா என்று யாருக்கும் தெரியாததால், சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் பேசுவதில்லை. இருமல் நின்றுவிட்டது. ஆடியும் போய்விட்டது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: போர்த்தினேன், ஆனால் அது கோடியல்ல. இரண்டாவதற்கு: வாக்குக் கொடுத்தேன், ஆனால் யாருக்கு? செத்துப்போனவருக்குக் கொடுத்தேன். அவர் சாகவில்லை. செத்தவருக்குக் கொடுத்த வாக்கைச் சாகாதவர் எப்படி வாங்கிக்கொள்ள முடியும்? வாங்க வேண்டியவர் அன்று அந்தக் கூடத்தில் இல்லவே இல்லை. நீங்கள் சட்டம் படிக்கிறவர். இதை ஒழுங்காக எழுதி மாமனுக்கு அனுப்புங்கள். முதல் தீர்ப்பு செல்லாது, இரண்டாவது தீர்ப்பே நிற்கட்டும் என்று எழுதுங்கள். கோடி போட்டவள் மருமகளாக வேண்டாம். நாம் ரயிலில் பேசியது நடந்த மாதிரியும் ஆகிவிடும், நான் அந்த ‘ஆனாலும்’ என்ற வார்த்தையைத் தாண்ட வேண்டிய அவசியமும் இருக்காது. சத்தத்தைத் தாங்குவது உங்கள் பொறுப்பு என்பதை மறக்க வேண்டாம்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும். மெஸ்ஸில் காரம் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள், மோர் ஊற்றிக்கொள்ளவும். அப்பாவும் அம்மாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார்கள். ஆத்தாயி அத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அர்த்தநாரீசுவரர் எல்லாருக்கும் துணையிருக்கட்டும், எல்லாருக்கும் தெளிவையும் தரட்டும், எனக்குக் கொஞ்சம் முன்னதாக.

இப்படிக்கு,
தங்கள் அத்தை மகள்,
சௌந்திரம்.

பி.கு. மேலே ஒரு திருத்தம்.

ஆடிக் காற்று என்று எழுதினேன். காற்று வெளியேதான் அடித்தது. இருமலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். வாசலை அத்தனை பேர் அடைத்துக்கொண்டு நின்றார்கள். தலைமாட்டு விளக்கின் சுடர்கூட அசையவில்லை.

சால்வை ஒரே இடத்தில்தான் அசைந்தது. மூக்குக்கு நேரே, ஒரு ஜோடி இலை. ஏறியது. இறங்கியது. அந்த வரிசையைப் பின்னியவள் நான். எது தானாக அசையும், எது அசையாது என்று எனக்குத் தெரியும்.

மாமன் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்தது. அழாதீர்கள், மூச்சு இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கட்டிக்கறனுங்க அத்தை என்று வந்தது.

ஜோலார்பேட்டையில் அப்பா விழித்ததும் நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள். நான் உடனே விடவில்லை. கவனித்தீர்களா என்று தெரியாது. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஆகவே மாமனுக்கு எழுதுவதானால், முதல் தீர்ப்பு நிற்கட்டும் என்று எழுதவும். உங்களுக்கும் சம்மதமாக இருந்தால். இல்லையென்றால் மேலே உள்ள கடிதம் உள்ளபடியே இருக்கிறது. இதை மட்டும் கிழித்துவிடலாம். அதற்காகத்தான் தனியாகக் கட்டம் போட்ட காகிதத்தில் எழுதியிருக்கிறேன்.

சேலத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று காலையில் எழுதிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நூறாம் நம்பர் நூலில் ஒரு சிட்டம் மிச்சமிருந்தது. அம்மாவிடம் மஞ்சள் வாங்கி அரைத்து, தண்ணீரில் கரைத்து, நூலை அதில் போட்டேன். முனையை மட்டுமல்ல. முழுவதையும்.